கீழ்வீட்டுத் துப்பாக்கி

எங்க விருதுநகர்ப் பக்கம் "மருந்து" என்றால் ரெண்டு அர்த்தம். ஒண்ணு டாக்டர் எழுதிக் கொடுக்கிறது. இன்னொண்ணு பட்டாசுக்குள்ள போடுறது. சின்ன வயசுல, எங்கேயோ ஒரு ஆலையில மருந்து பத்திக்கிச்சு என்று சேதி வந்தால், அம்மா அடுப்பை அணைச்சுட்டு வாசல்ல போய் நின்னுடுவாங்க. சொந்தத்துல யாராவது ஒருத்தர் அங்க வேலைக்குப் போயிருப்பாங்க.

அப்படிப்பட்ட ஊர்க்காரன், 2023 பிப்ரவரியில் அமெரிக்காவுக்குப் பொட்டி தட்ட வந்து, ரெண்டாவது வாரமே ஒரு உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டேன். நான் படுக்கிற கட்டிலுக்கு நேர் கீழே, ரெண்டு தளம் தள்ளி, நாலு டப்பா மருந்து இருக்கு!

இடம் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கியை ஒட்டியிருக்கிற வெஸ்ட் ஆலிஸ். ஒரு காலத்துல டிராக்டருக்குப் பேர் போன ஊர். கம்பெனி போய் ரொம்ப வருஷமாச்சு, ஊர் பேர்ல மட்டும் அந்த ஆலிஸ் மிச்சம். எனக்கு மாடி வீடு. கீழே ஹவுஸ் ஓனர், எழுபத்தஞ்சு வயசு, ரிட்டயர் ஆன லேத் ஆபரேட்டர், மனைவி இறந்து நாலு வருஷம். அதுக்கும் கீழே பேஸ்மென்ட். வாஷிங் மெஷின் அங்கதான், ரெண்டு வீட்டுக்கும் பொது.

முதல் தடவை துணிக்கூடையோட இறங்கினப்போ, மனுஷன் ஒரு மேசை முன்னால உட்கார்ந்து, நகை ஆசாரி மாதிரி கண்ணுல லென்ஸ் வெச்சுக்கிட்டு, ஒரு சின்னத் தராசை உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தார். பக்கத்துல வரிசையா பித்தளைக் கூடுகள். சுவரோரம் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, பூட்டு போட்டது. ஒரு துப்பாக்கி, குடல் உருவின கோழி மாதிரி, பாகம் பாகமா மேசை மேல கிடந்தது.

எனக்கு வாய்ல வந்த முதல் கேள்வி, "சார், இங்க சிகரெட் குடிப்பீங்களா?"

சிரிச்சிட்டார். எங்க ஊர்க் கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திட்டுப் பொறுமையா விளக்கினார். பட்டாசுல போடுறது கரிமருந்து, வெடியுப்பும் கந்தகமும் கரியும். ரைஃபிள்ல போடுறது புகையில்லா மருந்து, நைட்ரோசெல்லுலோஸ். திறந்த இடத்துல பத்த வெச்சா சடசடன்னு எரியும், கூட்டுக்குள்ள அடைச்சாத்தான் அழுத்தம். அதனால ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா ரெண்டையும் மரியாதையாத்தான் நடத்தணும் என்றார். மருந்து ஒரு அலமாரியில், பிரைமர் எதிர்ச் சுவர்ல வேற அலமாரியில். மேசை மேல ஒரு நேரத்துல ஒரே ஒரு டப்பா. துப்பாக்கியைப் பிரிச்சு வேலை பார்க்கிற அன்னிக்கு அந்த அறைக்குள்ள ஒரு தோட்டாகூட வராது.

போன்ல அம்மாகிட்ட சொன்னேன். "துப்பாக்கி வெச்சிருக்கவன் வீட்லயாடா குடியிருக்க? ரூம மாத்து." மாத்தல. வாடகை கம்மி. அதைவிட, உண்மையைச் சொன்னா, வேடிக்கை பார்க்கப் பிடிச்சிருந்தது.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் துணி துவைக்கிறேன் என்ற பேர்ல கீழே ஆஜர். அவர் என்னைக் "கிட்" என்பார். தம்பி என்று மொழிபெயர்த்துக்கிட்டேன்.

அவர் செய்றது வேட்டைக்காரங்க நிறைய பேர் வீட்ல செய்ற வேலைதான். ஒரு தடவை சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் பண்ணி, அச்சுல அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, அளந்து மருந்து போட்டு, புதுக் குண்டு பொருத்தி, தானே தோட்டா தயார் பண்றது. அளவெல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நம்ம ஆசாரிக்குக் குன்றிமணி மாதிரி. அவர் கிரெயின்லயும் பத்துல ஒரு பங்கு பார்ப்பார், அதாவது ஆறரை மில்லிகிராம். சமையலுக்கு உப்பை அள்ளிப் போடுற நமக்குத் தலை சுத்தும்.

துப்பாக்கி, வின்செஸ்டர் மாடல் 70. 1936-ல வெளிவந்த ரகம். இது ஐம்பதுகள்ல அவரோட அப்பா வாங்கினது. 1964-ல கம்பெனி செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாத்தினதால, அதுக்கு முந்தினதுன்னா வேட்டைக்காரங்களுக்கு ஒரு தனி மோகம். தோட்டா .30-06. அதுல '06' என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏத்துக்கிட்ட 1906.

"குழலுக்குள்ள வரி வரியா முறுக்கு இருக்கு பார். பத்து இஞ்சுக்கு ஒரு சுத்து. குண்டு செகண்டுக்கு 2900 அடி போகுது. நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு கணக்குப் போடு."

போட்டேன். ரெண்டு லட்சத்துக்கு மேல. பக்கத்துல வாஷிங் மெஷின் ஆயிரம்கூடச் சுத்தாம வீட்டையே ஆட்டிக்கிட்டு இருந்தது.

இவ்வளவையும் நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் பார்த்தேன். காரணம் பயம் இல்ல, விசா. ஹெச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு. விஸ்கான்சின்ல 1973 ஜனவரி 1-லயோ அதுக்குப் பின்னாலயோ பிறந்தவங்க லைசென்ஸ் வாங்க, பாதுகாப்பு வகுப்பு படிச்சுப் பாஸ் பண்ணணும். ஜூன்ல போய் உட்கார்ந்தேன். என் பெஞ்சுல பன்னிரண்டு வயசுப் பசங்க. நான்தான் மாப்பிள்ளை பெஞ்ச்! நாலு விதி மனப்பாடம்: எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதுன்னே நினை, குழல் வாயை ஆபத்தில்லாத பக்கம் வை, இலக்கு எது, அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோ, சுடத் தயாராகிற வரைக்கும் விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

லைசென்ஸ் வந்ததும் பழைய வித்தை வெளியே வந்தது. நான் ஸ்கூல்ல என்.சி.சி. பாயிண்ட் டூ டூ ரைஃபிள்ல படுத்துக்கிட்டுச் சுட்டிருக்கேன். எங்க ஹவில்தார் குழல் நுனியில ஒரு ரூபாய்க் காசை வெச்சு, குண்டு இல்லாம விசையை அழுத்தச் சொல்வார். காசு விழுந்தா மைதானத்தை ஒரு சுத்து ஓடணும். பர்ஸ்ல கிடந்த ஒரு ரூபாயை எடுத்து அதை ஓனருக்குச் செஞ்சு காட்டினேன். காசு நின்னது. "உங்க வாத்தியார் நல்ல வாத்தியார்" என்றார். அவரும் ஒரு தடவை செய்து பார்ப்பார்னு எதிர்பார்த்தேன். செய்யல. காசைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

ஒரு நாள் கேட்டேன். "வருஷத்துக்கு ஒன்பது நாள் வேட்டை. அதுலயும் ஒரு குண்டோ ரெண்டு குண்டோ சுடுவீங்க. அதுக்கு வருஷம் முழுக்க இந்த மெனக்கெடலா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னார். இருபத்தஞ்சு வயசுல, கடையில வாங்கின தோட்டா, எப்பவோ பூஜ்ஜியம் பார்த்த ஸ்கோப். காடு அப்போ ஈரம். கட்டை ஊறிப்போய்க் குழலைத் தள்ளியிருக்கு, இவர் கவனிக்கல. சுட்ட மான் விழல. வயித்துல பட்டு ஓடிருச்சு. ரத்தச் சொட்டு பார்த்துக்கிட்டே அன்னிக்கு ராத்திரி வரைக்கும், மறுநாள் முழுக்க, தேடியிருக்கார். ஒரு சதுப்புல தடம் முடிஞ்சு போச்சு.

"எங்கேயோ ரெண்டு நாள் வலிச்சுச் செத்திருக்கும். அதுக்கப்புறம்தான் இந்த மேசை வந்தது."

மேசையோடவே ஒரு நோட்டும் வந்தது. காலிகோ அட்டை போட்ட நோட்டுகள், மொத்தம் ஆறு. தேதி, வெயிலா ஈரமா, எந்தக் கூடு, எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு, 100 கெஜத்துல மூணு குண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி. ஐம்பது வருஷ லாக் ஃபைல்! நம்ம ப்ராஜெக்ட்ல யாரும் இந்த லட்சணத்துல டாக்குமென்ட் எழுதி நான் பார்த்ததில்ல.

இப்போ பிரச்சினைக்கு வர்றேன். இந்தத் துப்பாக்கி எப்பவும் 100 கெஜத்துல ஒரு இஞ்சு, மிஞ்சிப் போனா ஒன்னேகால். ஒரு காசால மூணு ஓட்டையையும் மூடிடலாம். அந்த வருஷம் ஏப்ரல்ல ரெண்டு இஞ்சு ஆச்சு. மே மாசம் மூணு. ஜூலையில நாலு.

மனுஷன் விடல. ஸ்கோப்பைப் பிடிக்கிற திருகாணிகளைக் கழட்டி, அளவு பார்த்து முறுக்கினார். அப்புறம் ஸ்கோப்பையே மாத்தினார். குழலுக்குள்ள படிஞ்ச செம்பைத் தேச்சு எடுத்தார். குழல் வாயில ஏதாவது நசுங்கலா என்று லென்ஸ் வெச்சுப் பார்த்தார். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவுல எபாக்ஸி ஊத்திப் புதுசா படுக்கை போட்டார். கூடு மாத்தினார், குண்டு மாத்தினார். ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்துறது, சுடுறது, எழுதுறது. டீபக்கிங் பாடப் புத்தகம் மாதிரி. நாலு இஞ்சு அசையவே இல்ல.

ஆகஸ்ட்ல நோட்டை என்கிட்ட கொடுத்தார். "நீ கம்ப்யூட்டர் ஆளு. இதையெல்லாம் எக்செல்ல போட்டுப் பாரு. நான் எதையோ தவற விடுறேன்."

மாடியில உட்கார்ந்து ராத்திரி அடிச்சேன். எண்கள் ஒண்ணும் சொல்லல. மருந்துக்கும் சம்பந்தம் இல்ல, ஈரத்துக்கும் இல்ல. ஆனா பக்கம் புரட்டப் புரட்ட வேற ஒண்ணு தெரிஞ்சது. பழைய நோட்டுகள்ல எழுத்து, டிராயிங் ஷீட்ல எழுதுற மாதிரி நிமிர்ந்து நிக்கும். மார்ச் மாசத்துப் பக்கத்துல '8' மேல கொஞ்சம் நடுக்கம். மே மாசத்துல கோடுகள் அலை அலையா. ஜூலைப் பக்கத்துல ஒரு '7'-ஐ நான் '1' என்று படிச்சு, அப்புறம் திருத்தினேன்.

அவர் காபிக் கோப்பையை ரெண்டு கையால பிடிக்கிறதும், ஒரு ரூபாய்க் காசைத் திருப்பிக் கொடுத்ததும் அப்போதான் ஞாபகம் வந்தது.

எக்செல்லைக் கொடுத்தேன். "எண்கள்ல ஒண்ணும் தெரியல சார்" என்றேன். பொய் இல்ல. உண்மையும் இல்ல. எழுபத்தஞ்சு வயசு மனுஷன்கிட்ட, வாடகைக்கு இருக்கிற இருபத்தெட்டு வயசுப் பையன் வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை, அவரே மாடிப்படி ஏறி வந்தார். அதுவரைக்கும் மேல வந்ததே இல்ல. "நாளைக்கு ரேஞ்சுக்கு வர்றியா? நீ சுடணும். எல்லாத்தையும் மாத்திப் பார்த்துட்டேன். மாத்தாதது ஒண்ணுதான் பாக்கி."

மில்வாக்கிக்குத் தென்மேற்கே ஈகிள் என்ற ஊர்ப் பக்கம், கெட்டில் மொரைன் காட்டை ஒட்டின பொது ரேஞ்ச். இங்கே ஒரு தகவல். அமெரிக்காவுல விக்கிற ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தோட்டாப் பெட்டிக்கும் 11 சதவீதம் மத்திய வரி. 1937-ல போட்ட ஒரு சட்டத்தால அந்தப் பணம் காட்டு விலங்குகளைப் பாதுகாக்கவும், வேட்டைப் பயிற்சிக்கும், ரேஞ்சுகளுக்கும் போகுது. சுடுறவங்க காசுலதான் மானும் வாழுது. விசித்திரமான ஏற்பாடு, ஆனா நடக்குது.

இலை எல்லாம் செம்பழுப்பா உதிர்ந்துக்கிட்டிருந்தது. காத்து இல்ல. சிமெண்ட் மேசை, மணல் மூட்டை, 100 கெஜத்துல காகிதம். முதல்ல அவர். மூணு குண்டு. தொலைநோக்கியில பார்த்தேன். நாலு இஞ்சுக்கு மேல, மூணு மூலைக்கு ஒண்ணா.

துப்பாக்கியைத் திறந்து, காலின்னு காட்டி, எனக்கு இடம் விட்டார். அதே துப்பாக்கி, அதே பெட்டித் தோட்டா, அதே மேசை.

முதல் குண்டு. தோள்ல ஒரு இடி. செப்டம்பர்லயே நாலு தடவை இதுல சுட்டுப் பழகியிருந்ததால பயம் இல்ல. ரெண்டாவது குண்டு. ஸ்கோப்புல பார்த்தேன். முதல் ஓட்டைக்கு அரை இஞ்சு தள்ளி இருந்தது.

மூணாவது குண்டை உள்ளே தள்ளிட்டு நான் நின்னுட்டேன்.

ரொம்ப சுலபம். விசையை அழுத்துறப்போ தோளைக் கொஞ்சம் இழுத்தா போதும். ஒரு குண்டு மூணு இஞ்சு தள்ளிப் போயிடும். "பார்த்தீங்களா சார், எனக்கும் அப்படித்தான், துப்பாக்கியிலதான் கோளாறு" என்று சொல்லிடலாம். அவர் சந்தோஷமா பேஸ்மென்ட்டுக்குப் போய் இன்னும் பத்து வருஷம் குழலைத் தேச்சுக்கிட்டு இருப்பார். அந்த இரும்பு மேசையும், அவரோட அப்பாவும், அந்த ஐம்பது வருஷமும் அவர்கிட்டேயே இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் ஒரு மானுக்கு. இன்னும் ஒரு மாசத்துல, விஸ்கான்சின் காட்டுல, எங்கேயோ நடந்துக்கிட்டிருக்கிற ஒரு மானுக்கு. 100 கெஜத்துல நாலு இஞ்சுன்னா 200 கெஜத்துல எட்டு. அதுவும் மணல் மூட்டை மேல வெச்சு. காட்டுல மணல் மூட்டை கிடையாது. அந்தச் சதுப்பு நிலக் கதையை அவர் எனக்குச் சொல்லாம இருந்திருந்தா, ஒருவேளை இழுத்திருப்பேன்.

ஹவில்தாரோட காசு குழல் நுனியில இருக்கிறதா நினைச்சுக்கிட்டேன். அழுத்தினேன்.

ஒன்னேகால் இஞ்சு.

அவர் நடந்து போய்க் காகிதத்தைக் கழட்டிட்டு வந்தார். சட்டைப் பையில இருந்த வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தார். கை நடுங்கினதால ரெண்டு தடவை அளக்க வேண்டியிருந்தது. ரெண்டாவது தடவை நான் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

திரும்பி வர்ற வழியில ரொம்ப தூரம் பேச்சே இல்ல. வெஸ்ட் ஆலிஸ் எல்லை வந்தப்புறம், ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "மூணாவது குண்டுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்ட."

நான் பேசல.

"எனக்கு உதவி பண்ணாம விட்டதுக்கு நன்றி, தம்பி."

மறு வாரம் அவர் டாக்டர்கிட்ட போனார். வயசான பல பேருக்கு வர்ற நடுக்கம்தான், பயப்பட ஒண்ணும் இல்ல, மாத்திரையில கொஞ்சம் குறையும், முழுசா போகாது என்றாராம். "ஆறு மாசமா எபாக்ஸிக்குச் செலவு பண்ண காசுல முதல்லயே டாக்டரைப் பார்த்திருக்கலாம்" என்று அவரே சிரிச்சார்.

நவம்பர் 18, வேட்டை ஆரம்ப நாள். இந்த ஊர்ல அது பொங்கல் மாதிரி. ஐந்து லட்சம் பேருக்கு மேல லைசென்ஸ் வாங்குறாங்க, ஆஃபீஸ்ல பாதிப் பேர் லீவு, டேமேஜர் உட்பட. ஓனரும் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பினார். துப்பாக்கியைத் தூக்கினது காலேஜ்ல படிக்கிற அவரோட பேத்தி. அவர் கையில ஃபிளாஸ்க்கும் பைனாகுலரும். முதல் நாள் ஒரு மான் வந்ததாம். கோணம் சரியில்லைன்னு அந்தப் பொண்ணு சுடல. ரெண்டாவது நாள், எண்பது கெஜம், ஒரே குண்டு. முப்பது அடி போய் விழுந்தது.

"அவ சுட்டதைவிட, முதல் நாள் சுடாம விட்டாளே, அதுதான்" என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கல.

அந்த வாரம் துணி துவைக்கப் போனப்போ நோட்டு மேசை மேல திறந்து கிடந்தது. புது வரி, உருண்டை உருண்டையா பொண்ணு எழுத்து. தேதி, ஈரம், கூடு, மருந்து, குண்டு, எல்லாம் அதே வரிசை. ஆனா கடைசியில ஸ்கேல் வெச்சுக் கோடு கிழிச்சு, ஐம்பது வருஷமா அந்த நோட்டுல இல்லாத ஒரு கட்டம் புதுசா இருந்தது. தலைப்பை மட்டும் நடுங்குற எழுத்துல அவரே எழுதியிருந்தார்.

"சுட்டது யார்."

மாடிக்கு வந்து என் எக்செல்லயும் அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன். அப்படியே லேப்டாப்பை மூடப் போனவன், ரெண்டு வாரமா "அந்த டீம் கொடுத்த லைப்ரரியிலதான் பிழை" என்று மெயில் மேல மெயில் போட்டுச் சண்டை பிடிச்சுக்கிட்டிருந்த ஒரு பக் ஞாபகம் வந்து, முதல் தடவையா என் கோடைத் திறந்து பார்த்தேன். இருபது நிமிஷத்துல கிடைச்சது. நான் எழுதின லைன்தான். திங்கட்கிழமை காலையில முதல் ஆணி, மன்னிப்பு மெயில் :-(

பி.கு: ஓனர் ரெண்டு கிலோ மான் கறி கொடுத்தார். மிளகு தூக்கலா போட்டுச் சுக்கா பண்ணி, ஒரு கிண்ணம் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூணு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு "பிரமாதம்" என்றார். அம்மாகிட்ட சொன்னதுக்கு, "மான் கறியா? டேய், போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவாங்கடா, வெளிய சொல்லாத" என்றாங்க. நம்ம ஊர்ல 1972-லயே சட்டம் போட்டாச்சு, இங்க லைசென்ஸ் உண்டும்மா என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில, "சரி, அந்தப் பெரியவருக்குக் கை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாங்க. ரூம மாத்துன்னு அதுக்கப்புறம் சொல்லவே இல்ல.